ஜி.சி.சி.க்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

பாளையங்கோட்டை, வணிகவியல் ஆசிரியை:
வணக்கம். தமிழ்வழி பி.காம். பிள்ளைகளுக்கு ‘பன்னாட்டு நிறுவனங்களின் ஜி.சி.சி.க்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள்’ என்று பாடக்குறிப்பு எழுதுகிறேன். ஜி.சி.சி. என்றால் குளோபல் கேப்பபிலிட்டி சென்டர், அதாவது பன்னாட்டு நிறுவனம் தன் வேலைகளைச் செய்ய வேறு நாட்டில் தானே நடத்தும் மையம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செய்தித்தாள்களில் வருகிற ‘உலகளாவிய திறன் மையம்’ என்பதைப் பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, “டீச்சர், தையல் மிசின் சொல்லிக் குடுப்பாங்களே, அதுவா?” என்றாள். அவள் மேல் தப்பில்லை. நம் பக்கம் திறன் என்றாலே பயிற்சி வகுப்புதான். இந்தியாவில் இத்தகைய மையங்களை 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தொடங்கிவைத்தது. 2024இல் மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கணக்குப்படி 1,700க்கும் மேல் மையங்கள், சுமார் 19 லட்சம் பேருக்கு வேலை. இந்தப் பிள்ளைகளில் பலர் அங்கேதான் போகப்போகிறார்கள். பெயரிலேயே தடுக்கி விழக்கூடாது.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, ‘கேப்பபிலிட்டி’ என்றால் ஆற்றல், இயலும் தன்மை. அதற்குச் சொல் நம்மிடமே இருக்கிறது. ஒல்லுதல் என்றால் இயலுதல். ‘ஒல்வ தறிவது அறிந்ததன் கண்தங்கிச் செல்வார்க்குச் செல்லாதது இல்’ (குறள் 472). தன்னால் ஆவது எது என்று அறிவதே அங்கே ஒல்வது. ஆகவே ‘ஒல்லகம்’. இரண்டே அசை, தூய தமிழ். நம் பாட்டிமார் ‘எனக்கு ஏலல’ என்பார்களே, அந்த ஏல் என்ற வேரையும் பார்த்தேன். ‘ஏலகம்’ என்றால் ஏலக்கடை என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

வீரவநல்லூர், இப்போது சென்னையில்:
அய்யா, ஒல்லகம் என்றால் பிள்ளைகளுக்கு ஒல்லிதான் ஞாபகம் வரும். அதைவிட, ‘ஆற்றல்’ என்பதைப் பிடித்துக்கொண்டு போவதே வழி தவறுவது. நான் அப்படி ஒரு மையத்தில் 6 வருடமாக இருக்கிறேன். ஆற்றலுக்குக் குறையே இல்லை. எதைச் செய்வது என்ற முடிவு மட்டும் இங்கே இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குத் தலைமையகத்தோடு கூட்டம். மூன்று மாதம் உட்கார்ந்து கட்டிய ஒன்றை, ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று ஒரு வரியில் நிறுத்தினார்கள். அடுத்த மாதம் என் குழுவில் நான்கு பேர் எதிர்க்கட்டட மையத்துக்குப் போய்விட்டார்கள். பாடத்தில் உள்ள சிக்கல்களில் பாதி இதிலிருந்து வருவதுதான். யாருக்குச் சொந்தம், யார் முடிவெடுப்பது என்பது பெயரில் தெரியவேண்டும்.

கல்லிடைக்குறிச்சி, கணக்காயர்:
தம்பி சொன்னது சரி. தாமிரபரணிப் பாசனத்தில் இதற்கு உவமை இருக்கிறது. விளைச்சலில் பங்கு பேசி நிலத்தை இன்னொருவரிடம் வாரத்துக்கு விடலாம். அது வெளி நிறுவனத்திடம் வேலையை ஒப்படைப்பது. சொந்தப் பொறுப்பில் ஆள் வைத்துக் கார், பிசானம் என்று இரு போக நெல்லும் விளைவிக்கலாம், அது பண்ணை. ஜி.சி.சி. இரண்டாவது வகை. வருமான வரியில் இந்த வேறுபாடுதான் பெரிய தலைவலி. மையம் தன் செலவோடு ஒரு விழுக்காடு சேர்த்துத் தாய் நிறுவனத்துக்கே பில் போடுகிறது. ஒட்டுறவில்லாத இருவருக்கு இடையே என்றால் இந்த விலை நிற்குமா என்று துறை கேட்கும். உறவுள்ள நிறுவனங்கள் தமக்குள் போட்டுக்கொள்ளும் இந்த விலைக்குப் பரிமாற்ற விலை என்று பெயர், அதன் வழக்குகள் இங்கேதான் முளைக்கின்றன. ‘அயலகப் பண்ணை’ என்று எழுதினால் சொந்தமும் தெரியும், இடமும் தெரியும்.

அம்பாசமுத்திரம்:
பண்ணை அருமையான சொல். பண்ணு என்ற வினையடியாக இருக்கலாம். புறநானூறு 173இல் ‘யான்வாழும் நாளும் பண்ணன் வாழிய’ என்று கிள்ளிவளவன் பாடும் சிறுகுடிப் பண்ணனின் பெயரும் இதிலிருந்து வந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. பசிப்பிணி மருத்துவன் என்று அவனைச் சொல்கிறது அந்தப் பாட்டு. பண்ணுபவன், விளைவிப்பவன்...

தென்காசி, மொழிபெயர்ப்பாளர்:
அய்யா, பண்ணனை அப்புறம் பார்ப்போம். அண்ணாச்சி, உங்கள் உவமை சரியாகப் பொருந்துகிறது. அதனால்தான் எனக்கு அது வேண்டாம். எங்கள் தாத்தா பண்ணையாள். விடியும் முன் வயலில் நிற்பார், கூலி பண்ணையார் அளந்ததுதான். வேலைக்குப் போகிற பிள்ளையின் இடத்துக்கு அந்தப் பெயரை வைக்க என் கை வராது. ‘தன்பணி மையம்’ என்று பாருங்கள். நிறுவனம் தன் பணியைத் தானே செய்துகொள்ளும் இடம். வேண்டுமானால் முன்னால் ‘அயலக’ சேர்க்கலாம். மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறதே, அது ஜி.சி.சி.யா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இல்லை, அது நம் நாட்டு நிறுவனம் உள்ளூரில் வைத்திருக்கும் அலுவலகம் என்று பிரித்துக்காட்ட ‘அயலக’ உதவும்.

கல்லிடைக்குறிச்சி:
அம்மா, அந்தப் பக்கத்தை நான் நினைக்கவில்லை. பண்ணையைத் திரும்பப் பெறுகிறேன்.

வீரவநல்லூர்:
அயலகத் தன்பணி மையம் எனக்குச் சம்மதம். முடிவெடுப்பது யார் என்பது இதிலும் வரவில்லை. அதைப் பாடத்தில் விளக்கிவிடுங்கள்.

பாளையங்கோட்டை:
மூன்று பேர் சம்மதம். ‘அயலகத் தன்பணி மையம்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன், பக்கத்திலேயே ஜி.சி.சி. என்றும் போடுகிறேன். நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்கப்போவது அந்த மூன்றெழுத்துதான்.

அம்பாசமுத்திரம்:
தன்பணி என்றால் அவரவர் சொந்த வேலை என்றல்லவா படும்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஒல்லகம் இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கிறது.