'தெர்மல்': எழுவளியா, ஏறுகாற்றா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஆசிரியர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் புறப்பாட நடவடிக்கையில் மின்மோட்டார் மிதப்பூர்தியைத் தரையில் நின்று ரேடியோவால் இயக்கப் பழகும் மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். வியாழக்கிழமைக்குள் அச்சகத்தில் சேர்த்தாக வேண்டும். 'கிளைடர்' என்பதை 'மிதப்பூர்தி' என்று நம் கலைச்சொல் மடற்குழு ஏற்கெனவே ஒருவழியாக முடித்துக் கொடுத்தது. அந்தப் பஞ்சாயத்தை மறுபடி கூட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது தேவைப்படுவது, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலே எழும் காற்றைக் குறிக்கும் 'தெர்மல்' என்பதற்கு ஒரு சொல்.

போட்டியை அறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பு இவ்வகை ஊர்திகளுக்கென வைத்திருக்கும் எஃப்5ஜே பிரிவில் மோட்டாரை ஒரே ஒரு முறைதான், அதுவும் 30 விநாடிக்கு மிகாமல் ஓட்டலாம். நிறுத்திய மோட்டாரை மறுபடி முடுக்கினால் அந்தப் பறப்புக்குப் புள்ளியே கிடையாது. தகுதிச் சுற்றில் 10 நிமிடம் தரப்படும். அதற்குள் வானில் இருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு புள்ளி. ஆனால் ஏறிய உயரத்துக்கு விலை கொடுக்க வேண்டும். மோட்டார் நின்ற பிறகும் 10 விநாடி வரை எட்டிய உச்சத்தை ஊர்தியிலுள்ள உயரமானி பதிந்துகொள்ளும். 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரைப் புள்ளியும், அதற்கு மேல் மீட்டருக்கு 3 புள்ளியும் கழியும். 160 மீட்டர் ஏறியவனுக்கு 80 புள்ளி போகும். 60 மீட்டரோடு நின்றவனுக்கு 30தான் போகும். இடையிலுள்ள 50 புள்ளி, குறியிலிருந்து ஒரு மீட்டருக்குள் தரையிறக்குபவனுக்குக் கிடைக்கும் முழு ஊக்கப் புள்ளிக்குச் சமம்.

அறுபது மீட்டரில் மோட்டாரை நிறுத்தத் துணிபவன் எதை நம்பி நிறுத்துகிறான்? வெயிலில் சூடேறிய தரையிலிருந்து பெயர்ந்து மேலே போகும் காற்றை நம்பித்தான். எங்கள் திடலுக்கு மூன்று புறமும் செம்பனை (எண்ணெய்ப்பனை); நான்காம் புறம் தார்ச்சாலையும் லயத்து வீடுகளின் தகரக் கூரைகளும். காலை பத்து மணிக்கு மேல் சாலைப் பக்கம் சூடேறிவிடும். செம்பனை நிழல் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். அந்நேரத்தில் சாலைப் பக்கமாகச் செல்லும் ஊர்தியின் ஓர் இறக்கை நுனி, யாரும் தொடாமலே சற்று மேலே எம்பும். இயக்குபவன் அந்தப் பக்கமாகவே திருப்பி வட்டமடித்தால் ஊர்தி ஏறும். எதிர்ப்பக்கம் விலகினால், அக்காற்றைச் சூழ்ந்து கீழிறங்கும் காற்றில் மாட்டிக்கொள்ளும். இயக்குபவன் கண்ணை ஊர்தியை விட்டு எடுக்க முடியாது என்பதால், பக்கத்தில் நிற்கும் துணைவன்தான் பருந்தையும் தகைவிலான் குருவியையும் பார்த்து, பிடரியில் படும் காற்று எப்பக்கம் திரும்புகிறது என்று கவனித்துச் சொல்ல வேண்டும். அவன் கூவிச் சொல்லத்தக்க சொல்லாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தைப்பிங்கிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

சொல் நம்மிடமே இருக்கிறது. 'எழுவளி' என்க. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், எழுந்த, எழுகின்ற, எழும் வளி. 'நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும்' என்று தொல்காப்பியர் ஐம்பூதத்துள் வைத்தது வளியையே. கரிகாலனின் முன்னோனைப் புறநானூறு 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். மோட்டாரை நிறுத்திவிட்டு, காற்றை வேலை வாங்கி வானில் நிற்கும் உங்கள் மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் உண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புறநானூறு 27இல் வரும் 'வலவன் ஏவா வான ஊர்தி', அதாவது செலுத்துபவன் இல்லாமலே செல்லும் ஊர்தி, என்பதைச் சிலர் இத்தகைய விளையாட்டு விமானங்களுக்குச் சூட்டுவதைக் கண்டிருக்கிறேன். அது பிழை. இங்கே வலவன் தரையில் நின்றாலும் ஏவத்தான் செய்கிறான். சீவக சிந்தாமணியின் மயிற்பொறிக்குத்தான் இது நெருக்கம். வலப்புறம் திரித்தால் பறக்கும், இடப்புறம் திரித்தால் இறங்கிக் கால் குவித்திருக்கும். மோட்டார் நின்றதும் மடங்கிக்கொள்ளும் உங்கள் ஊர்தியின் விசிறியைக் 'குவிவிசிறி' என்று சொல்லலாமா என்பதையும் குழு ஆராயலாம்.

கோலாலம்பூரிலிருந்து பொறியாளர் எழுதியது:

ஐயா, மரியாதையுடன் மறுக்கிறேன். பத்து வயதுப் பையனுக்கு 'வளி' என்றால் வளிமண்டலம் நினைவுக்கு வரும், அவன் பாட்டிக்கு வயிற்று வாயு நினைவுக்கு வரும். வள்ளுவரே 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று நோய்க் கணக்கில்தான் அங்கே சேர்த்திருக்கிறார். போட்டிக்குப் போனால் சீன, மலாய் மாணவர்களோடு ஒரே திடலில் நிற்கப் போகிறார்கள். 'தெர்மல்' என்றே எழுதிவிட்டு, விளக்கத்தை நல்ல தமிழில் கொடுங்கள். ரேடியோவையும் மோட்டாரையும் ஏற்றுக்கொண்டவர்களுக்கு இது மட்டும் ஏன் தொண்டையில் சிக்குகிறது?

சுங்கை சிப்புட் ஆசிரியர்:

பொறியாளர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் திடலில் மாணவர்கள் இரண்டையுமே சொல்வதில்லை. இறக்கை எம்பியதும் துணைவன் 'தூக்குது, தூக்குது' என்று கத்துகிறான். இயக்குபவனுக்கு அது போதுமானதாக இருக்கிறது. 'தூக்குகாற்று' என்றே வைத்துவிடலாமா?

தைப்பிங் தமிழாசிரியர்:

'தூக்கு' என்றால் தண்டனை என்றே நாளேடு படிப்பவர் நினைப்பார். பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டின் கீழும் உள்ள குறிப்பைப் பார்த்தவருக்கோ அது செந்தூக்கு, பாட்டின் ஓசை வகை. 'வளி' என்றால் வயிற்று வாயு நினைவுக்கு வரும் என்று சொன்ன பொறியாளருக்கு வேறொன்று: 'அல்லல் அருளாள்வார்க்கு இல்லை வளிவழங்கும் மல்லன்மா ஞாலம் கரி' என்றதும் அதே வள்ளுவர்தான். காற்று இயங்கும் உலகம் என்னும் பொருளில் அங்கே வயிறு எங்கிருந்து வந்தது?

கிள்ளானிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, ஒரு சொல்லைத் தனியாக நிறுத்தித் தேர்ந்தெடுப்பதுதான் இவ்வளவு நேரம் இழுப்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இதற்கு எதிர்ச்சொல்லும் கூடவே வர வேண்டும். ஆசிரியர் முதல் மடலிலேயே சுற்றிலும் கீழிறங்கும் காற்றைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். 'எழுவளி'க்கு இணையாக என்ன சொல்வோம், 'வீழ்வளி'யா? ஊர்தி விழுந்துவிட்டது என்றல்லவா பெற்றோர் பதறுவார்கள். 'ஏறுகாற்று, இறங்குகாற்று' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வார்ப்பாக அமையும். விளக்கம் கேட்க ஆளிருக்காது. கூவுவதற்கும் 'ஏறுது', 'இறங்குது' என்று சுருங்கிவிடும். வினைத்தொகை ஆதலால் ஒற்று மிகாது. 'ஏறுக்காற்று' என்று அச்சுக்கோப்பவர் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறு என்றால் காளை என்று எவரேனும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இது சல்லிக்கட்டு அன்று.

ஈப்போவிலிருந்து மிதப்பூர்தி இயக்குபவர் எழுதியது:

'ஏறுகாற்று' நல்ல சொல்தான். ஆனால் அது 'தெர்மல்' ஆகாது. குன்றின் சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்பும் காற்றும் ஏறுகாற்றுதான். அதற்கு வெயிலே வேண்டியதில்லை, காற்று வீசினால் போதும். அதில் வட்டமடிப்பதும் இல்லை, சரிவை ஒட்டி முன்னும் பின்னும் போய்வருவார்கள். இரண்டையும் ஒரே பெயரில் கற்றுக்கொண்ட மாணவன், குன்றுப் பக்கம் போனதும் வட்டமடிக்கத் தொடங்கிக் காற்றோடு பின்னால் தள்ளப்பட்டு மரத்தில் ஊர்தியை விடுவான். சூட்டால் எழுவது என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும்.

சுங்கை சிப்புட் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இன்று காலையும் அழைத்தார்கள். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'ஏறுகாற்று' பக்கம் பெரும்பாலோர் இருக்கிறார்கள். சிலர் களைத்துப்போய் அந்தப் பக்கம் வந்தவர்கள் என்பதும் மடல்களிலேயே தெரிகிறது. ஈப்போ அன்பரின் மறுப்பு சரியானது என்பதால், வரையறை வரும் இடத்தில் 'வெப்ப ஏறுகாற்று' என்றும், குன்றுச் சரிவு பற்றிய பத்தியில் 'சரிவு ஏறுகாற்று' என்றும் எழுதுகிறேன். போட்டி முழுவதும் சமதரைத் திடலில் நடப்பதால் மற்ற இடங்களில் வெறும் 'ஏறுகாற்று' போதும். முதல் முறை வரும்போது 'தெர்மல்' என்பதையும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் தருவேன். விசிறி 'மடக்கு விசிறி'யாகவே இருக்கும்.

தைப்பிங் தமிழாசிரியர்:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஒரே பொருளுக்கு 'வெப்ப' என்று ஒரு பக்கத்தில் ஒட்டி மறுபக்கத்தில் கழற்றுவதைக் கலைச்சொல்லாக்கம் என்று நான் ஒப்ப மாட்டேன். 'எழுவளி' என்றிருந்தால் இந்த ஒட்டுவேலையே தேவைப்பட்டிராது என்ற என் மறுப்பைக் குழுவின் தொகுப்பில் பதிந்துவைக்க வேண்டுகிறேன். 'இறங்குகாற்று' பற்றி நாளை விரிவாக எழுதுவேன். அதிலும் எனக்கு உடன்பாடில்லை.