‘மரத்தை’ என்ற சொல்லில் உள்ள ‘அத்து’வுக்குப் பொருள் உண்டா?

தமிழ்வகுப்பு (கேள்வி):

வணக்கம். பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் தமிழ் கற்க விரும்பும் ஏழெட்டுப் பேருக்கு வாரம் ஒருமுறை மதிய உணவு வேளையில் பாடம் நடத்தி வருகிறேன். நான் தமிழாசிரியன் அல்லன். சென்ற வாரம் இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ என்று சொல்லி, பால் என்றால் பாலை, கல் என்றால் கல்லை என எழுதிக் காட்டிவிட்டு ‘மரம்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். கன்னடம் பேசும் ஒருவர் தயங்காமல் ‘மரமை’ என்று எழுதினார். அவர் மொழியில் அது ‘மரவன்னு’ என்றே வருவதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘மரத்தை’ என்று திருத்தியபோது, “மரம் ஒரு துண்டு, ஐ ஒரு துண்டு, நடுவில் நிற்பது யாருடையது, அதற்கு என்ன பொருள்?” என்று கேட்டார். மரம் + அத்து + ஐ என்பதில் ‘அத்து’ போல நடுவில் வந்து நிற்பதற்குச் சாரியை என்ற பெயர் பள்ளி நினைவில் இருந்து வந்ததே தவிர, விளக்கம் வரவில்லை. சொல்லைப் பொருள் தரும் மிகச்சிறு கூறுகளாகப் பிரிக்கலாம் என்கிறார்கள். பொருளே இல்லாத ஒரு கூறு அந்தக் கணக்கில் எப்படிச் சேரும்?

பழைய வாத்தியார்:

நல்ல கேள்வி, தம்பி. பகுபதத்தின், அதாவது பிரிக்கக்கூடிய சொல்லின், உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூலில் பவணந்தியார் ஆறாகச் சொல்கிறார். இவற்றுள் சந்தியும் விகாரமும் பொருள் தருவனவே அல்ல. ஒரு சொல் நிறைவடைய எவையெல்லாம் வேண்டுமோ அவை அனைத்தும் உறுப்பு என்பதே நம் இலக்கணத்தின் பார்வை.

‘வந்தனன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். அடுத்த ‘த்’ சந்தி; அது ‘ந்’ ஆனது விகாரம். அதன்பின் வரும் ‘த்’ இறந்தகால இடைநிலை. பிறகு ஓர் ‘அன்’, மீண்டும் ஓர் ‘அன்’. முன்னது சாரியை, பின்னது ஆண்பால் விகுதி. ஒலி ஒன்றே, ஒன்றுக்குப் பொருள் உண்டு, மற்றதற்கு இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், இந்த இடத்தில் மாணவர்கள் விழிக்காத ஆண்டே கிடையாது.

சாரியை நூலுக்குள் மட்டும் இருப்பதும் அன்று. ‘எல்லாவற்றையும்’ என்னும்போது ‘வற்று’, ‘புளியமரம்’ என்னும்போது ‘அம்’, ‘பதினைந்து’ என்னும்போது ‘இன்’ என நாள்தோறும் வாயில் வருவதுதான்.

மொழியியல் மாணவி:

ஐயா சொன்ன பிரிப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘அத்து’ பொருளற்றது என்பதை அப்படியே ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. ‘மரத்துக் கிளை’ என்ற தொடரில் வேற்றுமை உருபு எதுவும் வெளிப்படையாக இல்லை, ஆயினும் ‘அத்து’ இருக்கிறது. ஆகவே அது மரத்தையும் ‘ஐ’யையும் ஒட்டுவதற்காக மட்டும் வந்த பசை அன்று. ‘வீடு’ என்பது ‘வீட்டை’, ‘வீட்டில்’, ‘வீட்டுச் சாவி’ என்று இரட்டிப்பதையும், ‘கிணறு’ ‘கிணற்றுத் தண்ணீர்’ ஆவதையும், ‘நான்’ ‘என்’ ஆவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் புதிதாக ஒரு துண்டு சேர்கிறது, ஓரிடத்தில் மெய் இரட்டிக்கிறது, ஓரிடத்தில் சொல்லே உருமாறுகிறது. வேலை மட்டும் ஒன்றுதான். ‘இந்தப் பெயர் இங்கே எழுவாயாக நிற்கவில்லை, பின்னால் வரும் ஒன்றைச் சார்ந்து நிற்கிறது’ என்று கேட்பவருக்கு அறிவிப்பதே அந்த வேலை. மொழியியலில் இதை வேற்றுமை அடி என்பார்கள். ‘நாய் வால்’ போன்றவற்றில் மாற்றமே தெரியாது என்பதையும் மறைக்கக் கூடாது. மலையாளத்திலும் ‘மரத்தெ’, ‘மரத்தில்’ என்றே வரும். உங்கள் வகுப்பில் மலையாளி யாராவது இருந்தால் இந்தச் சிக்கலே அவருக்கு வந்திருக்காது.

மெய்ப்புப்பார்ப்பவன்:

அச்சுக்கூடத்துக்காரனின் சாட்சி ஒன்று. ‘அத்து’ பழைய சொற்களோடு உறைந்துபோன எச்சமாக இருந்தால், புதிதாக வந்த சொற்களில் வரக்கூடாது அல்லவா? ‘ஸ்டேடியத்தில்’, ‘ஆல்பத்தை’, ‘சிஸ்டத்துக்கு’ என்று எவரும் சொல்லிக்கொடுக்காமலே எழுதுகிறோம். ஆனால் ‘ரூம்’ ‘ரூமில்’தான், ‘டீம்’ ‘டீமை’தான், ‘டீத்தை’ என்று எழுதிய ஒருவரையும் நான் திருத்த நேர்ந்ததில்லை. ‘அம்’ என்று முடிந்தால் ‘அத்து’ வருகிறது, வெறும் ‘ம்’ என்று முடிந்தால் வருவதில்லை.

இன்னொன்று, சந்தியெழுத்துக்குப் பொருளில்லை என்பதும் என் மேசையில் அவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகாது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் இருந்த வேல் என்ற ஆயுதத்தைக் கொடுத்தான். நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘க்’. இரண்டாம் வேற்றுமை விரிந்து நின்றால் வல்லினம் மிகும் என்ற விதியால், அந்த ஒற்றைப் பார்த்துத்தான் ‘ஐ’ இங்கே உருபா, சொல்லின் பகுதியா என்று கண்டுகொள்கிறோம்.

தமிழ்வகுப்பு:

மூவருக்கும் நன்றி. இன்றைய வகுப்பில் ‘ஐ’யைத் தள்ளி வைத்துவிட்டு, ‘வீட்டு வாசல்’, ‘கிணற்றுத் தண்ணீர்’, ‘மரத்துக் கிளை’ ஆகிய மூன்றிலிருந்து தொடங்கினேன். அதன்பின் ‘குளம்’ என்று மட்டும் எழுதியதும் ‘குளத்தை’, ‘குளத்தில்’ எல்லாம் அவரே எழுதினார். அடுத்து, எங்கள் குழுவில் உள்ள ஒருவரைச் சுட்டி ‘விக்ரத்தைக் கூப்பிடு’ என்று எழுதி நீட்டினார். ‘ஆறுமுகத்தை’ என்கிறோம், ‘விக்ரமை’ என்கிறோம். இரண்டுமே ‘அம்’ என்றுதானே முடிகின்றன? வாத்தியார் ஐயா, இதற்கு என்ன சொல்வது?