[கலைச்சொல்] டெடிகேட்டட் ஹோஸ்டிங், ரீசெல்லர் ஹோஸ்டிங்: தமிழ்ல என்ன போடலாம்?

ச.மு. எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஹோஸ்டிங் (வெப்சைட் வைக்க சர்வர்ல இடம் வாடகைக்குக் குடுக்குற) கம்பெனியோட பிளான் பக்கத்தைத் தமிழ்ப்படுத்திட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். ஒரே மெஷின்ல பல சைட் இருக்குற ஷேர்டுக்கு "பகிர்வு"ன்னு போட்டாச்சு. டெடிகேட்டட், ரீசெல்லர் (மொத்தமா இடம் எடுத்துத் தன் பேர்ல சில்லறையா விக்கிறது) ரெண்டுலயும் மாட்டிக்கிட்டேன், ரீசெல்லருக்கு "மறுவிற்பனை"ன்னு ஒரு யோசனை இருக்கு. மெஷின்ல போட்டா "அர்ப்பணிக்கப்பட்ட சேவையகம்"னு வருது, எதோ நாட்டுக்காக உயிரைக் குடுத்த சர்வர் மாதிரி. பட்டன் சின்னது, ரெண்டு சொல்லுக்கு மேல தாங்காது.

இரா. எழுதியது:
"தனி வழங்கி" போதுமேங்க. மெஷின் முழுக்க ஒருத்தருக்கே, ராம், சிபியு, டிஸ்க் எதுலயும் அடுத்தவன் சைட்டுக்குப் பங்கு கிடையாது, ரூட் (மெஷின் மேல முழு அதிகாரம்) நம்ம கையில. கம்பெனி பராமரிக்காத அன்மேனேஜ்டு எடுத்தா பேட்ச் போடுறது, பேக்கப், ஃபயர்வால் எல்லாம் நம்ம தலையிலதான், அதுவும் "தனி"க்குள்ள அடக்கம் :-)

புலவர் த.கோ. எழுதியது:
நண்பர்களே, ஹோஸ்டிங்குக்கே சொல் முடிவாகாம அடைமொழிக்கு ஏன் அவசரம்? ஓம்பல்தான் வேர்ச்சொல். குறள்ல 9ஆம் அதிகாரமே விருந்தோம்பல். புறநானூறு 5ல "குழவி கொள்பவரின் ஓம்புமதி"ன்னு அரசனுக்கே சொல்றார் நரிவெரூஉத் தலையார், அதாவது குழந்தையை வளக்குறவங்க மாதிரி நாட்டைக் காப்பாத்துன்னு. ஆகவே தனியோம்பல், மறுவோம்பல்.

இரா. எழுதியது:
ஐயா, 500 ரூபா பிளான் எடுத்தவனை எந்தக் கம்பெனி குழவி மாதிரி பாத்துக்குது? டிக்கெட் போட்டா மூணு நாள் கழிச்சு "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க"ன்னு வரும்.

நா. எழுதியது:
மறுவோம்பலா மறோம்பலா? நன்னூல் 164ல "முற்றும் அற்று ஒரோவழி"ன்னு இருக்கே, உயிரெழுத்து வந்தா முற்றியலுகரமும் (மறு-ல இருக்குற உ மாதிரி) சில இடத்துல ஓடிப்போகும்.

புலவர் த.கோ. எழுதியது:
ஒரோவழின்னா சில இடத்துல மட்டும். இங்க நடுவுல வ் சேர்ற உடம்படுமெய்தான். மறோம்பல்னா யாருக்குப் புரியும்?

யாழ்ப்பாணத்திலிருந்து சி. எழுதியது:
மறுவோம்பல் மட்டும் ஆருக்கு விளங்கும் ஐயா? நான் இதை வகுப்பில சொன்னா பிள்ளையள் சிரிப்பினம். ரீசெல்லர் எண்டே எழுதலாம், கடைசியில அதைத்தானே தேடிப் பாக்கப் போகினம்.

வே. எழுதியது:
கொஞ்சம் நிறுத்துங்க, சொல்லுக்கு முன்னாடி பொருளைப் பாப்போம். டெடிகேட்டட்ங்கறது மெஷின் எப்படி இருக்குன்னு சொல்ற சொல். ரீசெல்லர்ங்கறது யாவாரம் எப்படி நடக்குதுன்னு சொல்ற சொல். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல பட்டனா வெச்சதால ஒண்ணுக்கொண்ணு எதிர்னு வாங்குறவன் நெனச்சுக்கிறான், ஆனா டெடிகேட்டட் மெஷினையே எடுத்து அதைக் கூறு போட்டு விக்கிறவங்களும் இருக்காங்க. சாதாரண ரீசெல்லர் பிளான்ல ரூட் கிடையாது, ஷேர்டு மெஷின்லயே கொஞ்சம் பெரிய பங்கு, அவ்வளவுதான். மேல எல்லா அக்கவுண்டையும் நிர்வகிக்கிற டபிள்யூஎச்எம் உங்களுக்கு, கீழ அவங்கவங்க சைட்டை மட்டும் பாத்துக்க ஆளாளுக்கு ஒரு சிபேனல், டொமைனை சர்வருக்குக் காட்டுற நேம்சர்வர்ல உங்க பேர், மேல இருக்குற கம்பெனி பேரே கஸ்டமருக்குத் தெரியாது. இதுல எவனோ ஒருத்தன் ஸ்பாம் அனுப்பி ஐபி (சர்வரோட முகவரி) பிளாக்லிஸ்ட்ல விழுந்தா உங்க கஸ்டமர் அத்தனை பேர் மெயிலும் நிக்கும், திட்டு உங்களுக்கு. 2019ல சிபேனல் அக்கவுண்ட் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி விலையை மாத்தினப்போ லாபத்துல அடி வாங்குனதும் இந்த நடு ஆளுங்கதான்.

அதனால "மறுவிற்பனை" தப்பு. வித்தா பொருள் கை மாறணும், இங்க மாசா மாசம் வாடகைதானே. நம்மகிட்ட சொல் ஏற்கனவே இருக்கு: உள்வாடகை.

ச.மு. எழுதியது:
நல்லாத்தான் இருக்கு, ஆனா கிளையண்ட் ஒத்துக்க மாட்டார். உள்வாடகைன்னா ஓனருக்குத் தெரியாம வுட்ட வீடு மாதிரி திருட்டு வாசனை அடிக்குதே.

வே. எழுதியது:
சில ரீசெல்லருங்க ஒரே இடத்தை நாலு பேருக்கு வித்திருக்கறதைப் பாத்தா அந்த வாசனையும் சரிதான்.

நா. எழுதியது:
அப்படின்னா ஷேர்டுக்கு ஒண்டுக்குடித்தனம்னு போட்டுடலாம், பொருத்தம் பிரமாதம்.

புலவர் த.கோ. எழுதியது:
வாடகைங்கற சொல்லோட வேரைப் பத்தித் தனியா நீளமா எழுதறேன்.

இரா. எழுதியது:
ஐயா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறமா எழுதுங்க ப்ளீஸ். தொல்காப்பிய எச்சவியல் வடசொற்கிளவியையும் (வடமொழிச் சொல் பத்தின நூற்பா) யாரும் இழுக்க வேணாம், போன தடவை அதுலயே ரெண்டு வாரம் போச்சு.

ச.மு. எழுதியது:
நன்றி மக்களே. "தனி வழங்கி", "மறுவிற்பனை"ன்னு அனுப்பிட்டேன். தனியா மூணு பேர் சரின்னீங்க, மத்தவங்க அதுக்குப் பதிலே போடல, அதையும் சம்மதமா எடுத்துக்கிட்டேன். ரீசெல்லர் பட்டனுக்குக் கீழ ஒரு வரி விளக்கமும் சேத்துட்டேன்: "இடம் எங்களுடையது, வாடிக்கையாளர் உங்களுடையவர், ரூட் அணுகல் இல்லை."

வே. எழுதியது:
அந்த விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க, உள்வாடகையேதான். என் கையேட்டுல நான் அப்படித்தான் போடுவேன்.

சி. எழுதியது:
நான் ரீசெல்லர்தான். அது கிடக்கட்டும், வி.பி.எஸ்.க்கு (ஒரு மெஷினைக் கூறு போட்டுத் தனித்தனி சர்வர் மாதிரிக் குடுக்கிறது) என்ன போட்டனீங்கள்?