போக்கோ எஃப்1ல லினியேஜ் ஏத்தும்போது 47%ல நின்னுபோச்சு, அப்பா போன், கொஞ்சம் அவசரம்

பாலக்கோடு பையன்:
அண்ணா அக்கா யாராவது பாத்தா சொல்லுங்க. போக்கோ எஃப்1, 6 ஜிபி 64 ஜிபி, 2018ல எங்க அண்ணன் வாங்குனது, அவன் பெங்களூருக்கு வேலைக்கு போயி புதுசு எடுத்ததும் இது அப்பாகிட்ட வந்துருச்சு. போன்ல ஒரு கீறல் இல்ல, பேட்டரி போன வருஷம்தான் மாத்துனோம். ஆனா கம்பெனி குடுத்தது ஆண்ட்ராய்டு 10ஓட நின்னுபோச்சு, ஸ்டோரேஜ் எப்பவும் ஃபுல்லு, வாட்ஸ்அப் தொறந்தா டீ குடிச்சுட்டு வந்து பாக்கலாம். அப்பாக்கு காலைல 5 மணிக்கு மார்க்கெட் குரூப்ல தக்காளி ரேட்டு வரும், அத பாத்துட்டுதான் இன்னைக்கு பறிக்கலாமா நாளைக்கு பாக்கலாமான்னு முடிவு பண்ணுவாரு. அதனால போன் இல்லன்னா என்ன வையிறாரு.

கம்பெனி சிஸ்டத்துக்கு பதிலா போடற லினியேஜ்னு ஒரு இலவச ஆண்ட்ராய்டு சிஸ்டம் இருக்குல்ல, அதுல 22 போட்டா ஆண்ட்ராய்டு 15 வரும்னு படிச்சுட்டு எறங்கிட்டேன். பூட்லோடர் (வேற சிஸ்டம் ஏத்த விடாம கம்பெனி போட்ட பூட்டு) அன்லாக்குக்கு 168 மணி நேரம் வெயிட் பண்ணி முறைப்படிதான் பண்ணேன். அப்புறம் ஒரு வீடியோ பாத்து டிடபிள்யுஆர்பின்னு ஒரு ரெக்கவரி (சிஸ்டம் ஏத்த, அழிக்க தனியா வர்ற மெனு) போட்டேன், அதுல வைப்னு இருந்ததுல ஸ்வைப் பண்ணேன், லேப்டாப்ல இருந்து கேபிள் வழியா ஏத்த ஏடிபி சைட்லோட்னு கமாண்ட் குடுத்தேன். 47% வந்து நின்னுச்சு. அஞ்சு நிமிஷம் பாத்துட்டு கேபிள புடுங்கிட்டேன். ரெண்டாவது தடவயும் அதே 47%, இந்த தடவ புடுங்கல, அதுவா ஒரு எர்ரர் காட்டி முடிஞ்சுது. இப்ப ஆன் பண்ணா போக்கோ லோகோ வருது, கொஞ்ச நேரத்துல திரும்ப ரெக்கவரிக்கே போயிடுது. போன் செத்துருச்சா? அப்பா தோட்டத்துல இருந்து வர்றதுக்குள்ள ஏதாவது வழி இருக்கா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
சாகல தம்பி, ரெக்கவரி வருதுல்ல, அப்ப உயிரோடதான் இருக்கு. ரெக்கவரியும் வரல, ஃபாஸ்ட்பூட்டும் (லேப்டாப்ல இருந்து போன்ல எழுத விடற மோடு) வரலன்னாதான் கவலப்படணும்.

ரெண்டு விஷயம் சொல்லு. ரெண்டாவது தடவ லேப்டாப்ல கமாண்ட் அடிச்ச டெர்மினல்ல கடைசி வரி என்ன வந்துச்சு, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே வேணும். இன்னொன்னு, டிடபிள்யுஆர்பி ஃபைல் மேனேஜர்ல எஸ்டிகார்டு ஃபோல்டர் உள்ள போயி பேரெல்லாம் எப்படி இருக்குன்னு பாரு.

பாலக்கோடு பையன்:
போட்டோ எடுத்து வெச்சிருந்தேன் அண்ணா. "ஏடிபி ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்"னு இருக்கு. ஃபெயிலா சக்சஸான்னே புரியல.

ஃபோல்டர் பேரெல்லாம் கண்டமேனிக்கு எழுத்தும் நம்பருமா இருக்கு, டிசிஐஎம் வாட்ஸ்அப் எதுவுமே இல்ல. வைரஸா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
வைரஸ் இல்லடா, என்கிரிப்ஷன், அதாவது டேட்டாவ பூட்டி வெக்கறது. உன் ரெண்டு பதிலும் சேத்து பாத்தா கத தெளிவாயிடுச்சு.

முதல் தடவ நீ கேபிள புடுங்குனதுதான் தப்பு. சைட்லோட்னா ஃபைல் மொத்தமா போனுக்குள்ள காப்பி ஆயி அப்புறம் இன்ஸ்டால் ஆகுதுன்னு நெனச்சிருப்ப, அப்படி இல்ல, போனு தனக்கு வேண்டிய துண்ட கேபிள் வழியா லேப்டாப்கிட்ட கேட்டு கேட்டு வாங்கி எழுதிக்கிட்டே இருக்கும். பாதில புடுங்குனா பாதி எழுதுனதோட விட்டுடும். அந்த பர்சன்டேஜ் கணக்கு தோராயமா போடுறது, 47லயே நின்னபடி வேல முழுசா முடியறது சகஜம். லினியேஜ் விக்கிலயே எழுதி வெச்சிருக்காங்க, 47ல நின்னு "ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்"னு வந்தா நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு. சில லேப்டாப்ல சக்சஸ்க்கு பதிலா "நோ எர்ரர்"னும் வரும், அதுவும் ஓகேதான். எழுதுனவன் எந்த மூடுல எழுதுனானோ, எத்தன பேரு இந்த ஒரு வரிய பாத்து பதறி கேபிள புடுங்கியிருப்பாங்கன்னு நெனச்சா சிரிப்பா வருது.

ஆக ரெண்டாவது தடவ உனக்கு இன்ஸ்டால் ஆயிடுச்சு. பூட் ஆகாததுக்கு காரணம் நீ பண்ண அந்த ஸ்வைப். டிடபிள்யுஆர்பில ஸ்வைப் பண்ற ஃபேக்டரி ரீசெட் இன்டர்னல் ஸ்டோரேஜ தொடாது, பழைய சிஸ்டம் போட்ட பூட்டு அப்படியே கெடக்கும். புது சிஸ்டம்கிட்ட அந்த பூட்டுக்கு சாவி கெடையாது, டேட்டாவ தொறக்க முடியாம திரும்ப ரெக்கவரிக்கு வந்து நிக்குது. கோணல்மாணலா தெரியற ஃபோல்டர் பேருக்கும் இதேதான் காரணம். வைப் மெனுவுல "ஃபார்மட் டேட்டா"ன்னு தனியா ஒரு பட்டன் இருக்கும், அத அமுத்தி கீபோர்டுல "யெஸ்"னு டைப் பண்ணணும். நெறைய வீடியோல இத ஸ்கிப் பண்ணிடுறாங்க, அவங்க போன்ல ஏற்கனவே ஃபார்மட் ஆயிருக்கும்.

ஆனா இரு, இப்பவே பண்ணாத. லினியேஜ் கூட கூகுள் ஆப்பு வராது, தனியா ஏத்தணும், உனக்கு கூகுள் வேணுமா வேணாமா?

பாலக்கோடு பையன்:
கூகுள் இல்லாமலே போடலாம்னுதான் நெனச்சேன் அண்ணா, எஃப்ட்ராய்டுன்னு அந்த இலவச ஆப் ஸ்டோர் மட்டும் போதும்னு. ஆனா அப்பா வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவ்ல கெடக்கு. போட்டோவ மட்டும் அன்லாக் பண்றதுக்கு முன்னாடியே லேப்டாப்ல ஏத்திட்டேன்.

மாந்தோப்பு சர்வீஸ் (கிருஷ்ணகிரி):
போட்டோவ முன்னாடியே எடுத்தது புண்ணியம். பூட்லோடர் அன்லாக் ஆகும்போதே போன் மொத்தமா அழிஞ்சிடும், அது தெரியாம பண்ணிட்டு கொழந்த போட்டோ போச்சுன்னு என் கடைல வந்து அழுதவங்க இருக்காங்க.

கூகுள் வேணும்னா முதல் தடவ பூட் ஆகறதுக்கு முன்னாடியே ஜிஆப்ஸ் (கூகுள் ஆப்பு இருக்கற ஃபைல்) ஏத்திடணும் தம்பி. பூட் ஆயி ஹோம் ஸ்கிரீன் பாத்துட்டு அப்புறமா ஏத்துனா பர்மிஷன் குழம்பி "கூகுள் ப்ளே சர்வீசஸ் ஸ்டாப்டு"ன்னு வந்துட்டே இருக்கும், திரும்ப ஃபார்மட்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். மைண்ட்தஜிஆப்ஸ்னு ஒன்னு இருக்கு, லினியேஜ்காரங்க விக்கில அதத்தான் சொல்றாங்க. ஆண்ட்ராய்டு 15க்கு உள்ளது, ஆர்ம்64 (உன் போன் ப்ராசசர் வகை), இது ரெண்டும் பொருந்தணும்.

நீ டிடபிள்யுஆர்பிய விட்டுடு. லினியேஜ் டவுன்லோடு பக்கத்துலயே அவங்க ரெக்கவரி இமேஜ் இருக்கும், உன் போன் கோட்நேம் பெரிலியம். ஃபாஸ்ட்பூட்ல போயி அந்த ரெக்கவரிய ஃப்ளாஷ் பண்ணிட்டு (போன்ல எழுதிட்டு) வால்யூம் அப்பும் பவரும் புடிச்சு நேரா உள்ள போ. அதுல ஃபேக்டரி ரீசெட்டுக்குள்ள ஃபார்மட் டேட்டா. அப்புறம் அப்ளை அப்டேட், சைட்லோட், முதல்ல ராம் (மெமரி ராம் இல்ல, லினியேஜ் சிஸ்டம் ஃபைல்), அது முடிஞ்சதும் வெளிய வராம ஜிஆப்ஸ். ஜிஆப்ஸ் ஏத்தும்போது "சிக்னேச்சர் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு"ன்னு கேக்கும், பயந்துக்காத, அது லினியேஜ் கையெழுத்து போட்ட ஃபைல் இல்ல அவ்வளவுதான், யெஸ் குடு. ஆனா அதே கேள்வி ராம் ஏத்தும்போது வந்துச்சுன்னா நிறுத்து, ஃபைல் சரியில்லன்னு அர்த்தம்.

ஹாட்ஸ்பாட்லதான டவுன்லோடு பண்ணிருப்ப, அந்த பக்கத்துல ஷா256னு ஒரு நீளமான நம்பர் குடுத்திருப்பாங்க, எறங்குன ஃபைலுக்கும் அதே நம்பர் வருதான்னு ஒருக்கா ஒத்து பாத்துக்கோ.

கேமர் தர்மபுரி29:
ப்ரோ எல்லாம் முடிஞ்சதும் பூட்லோடர திரும்ப லாக் பண்ணிடு, அப்பதான் ஜிபே போன்பே எல்லாம் ஓடும்.

மாந்தோப்பு சர்வீஸ் (கிருஷ்ணகிரி):
டேய் டேய் டேய். பாலக்கோடு தம்பி, இத படிச்சுட்டு எதயும் அமுத்திடாத, கேமர் சொன்னத மறந்துடு.

இந்த போன்ல வேற ராம் இருக்கும்போது லாக் பண்ணா, அடுத்த தடவ ஆன் ஆகும்போது பூட்லோடர் உள்ள இருக்கறது கம்பெனி கையெழுத்து போட்ட சிஸ்டமான்னு பாக்கும், இல்லன்னதும் "தி சிஸ்டம் ஹேஸ் பீன் டிஸ்ட்ராய்டு"ன்னு ஒரு வரி போட்டு நின்னுடும். லாக் ஆயிட்டதால ஃபாஸ்ட்பூட்லயும் எதுவும் ஃப்ளாஷ் பண்ண விடாது. அப்புறம் பின்பக்கம் கழட்டி பின் ஷார்ட் பண்ணி இடிஎல்னு கடைசி ரிப்பேர் மோடுக்கு போனாலும் கம்பெனி பர்மிஷன் உள்ள அக்கவுன்ட் இல்லாம உள்ள விடாது. போன மாங்கா சீசன்ல ஒருத்தர் இப்படித்தான் லாக் பண்ணிட்டு கொண்டாந்தாரு, மூணு வாரம் என் மேசை டிராயர்லயே கெடந்துச்சு. பிக்சல் மாதிரி ஒரு சில போன்ல வேற சாவி போட்டு லாக் பண்ண வழி இருக்கு, அத எங்கயோ கேட்டுட்டு எல்லா போனுக்கும் சொல்லாதீங்கப்பா.

கேமர் தர்மபுரி29:
சாரி ப்ரோ, பிக்சல் வீடியோதான் பாத்தேன். டெலிட் பண்ணவா?

மாந்தோப்பு சர்வீஸ் (கிருஷ்ணகிரி):
இருக்கட்டும், நாலு பேரு படிக்கட்டும்.

பாலக்கோடு பையன்:
அப்ப ஜிபே ஓடவே ஓடாதா? மண்டில இருந்து அப்பாக்கு காசு அதுலதான் வருது.

ஊத்தங்கரை டீச்சர்:
தம்பி, நான் ரெண்டு வருஷமா பழைய போன்ல லினியேஜ் வெச்சிருக்கேன், அதனால இத நான் சொல்றேன். பூட்லோடர் தொறந்திருந்தா கூகுளோட ப்ளே இன்டக்ரிட்டி சோதனைல (போன்ல எதயாவது மாத்திருக்கான்னு ஆப்புக்கு சொல்றது) போன் முழுசா பாஸ் ஆகாது, சில பேங்க் ஆப்பு கண்டுக்காம ஓடும், சிலது தொறந்ததும் மூஞ்சில அடிச்ச மாதிரி மூடிக்கும், இன்னைக்கு ஓடுறது அடுத்த அப்டேட்ல ஓடாமயும் போகலாம். அத ஏமாத்த மாட்யூல் அது இதுன்னு சொல்லுவாங்க, பண வெவகாரத்துல அப்பா போன்ல அந்த வெளையாட்டு வேணாங்கறது என் எண்ணம்.

ஆனா யோசிச்சு பாரு, அப்பா காசு வாங்கத்தான செய்றாரு? வாங்குறதுக்கு ஆப் தொறந்தே இருக்கணும்னு இல்ல, யுபிஐ ஐடி பேங்க்ல இணைஞ்சிருந்தா காசு நேரா அக்கவுன்ட்டுக்கு போயிடும், எஸ்எம்எஸ் வரும். க்யூஆர பிரின்ட் போட்டு குடுத்துடு. பேலன்ஸ் பாக்க, அவசரத்துக்கு அனுப்ப *99# இருக்கு, நெட்டே வேணாம், பட்டன் போன்லயே ஓடும். அனுப்புற வேல எல்லாம் உன் போன்லயோ அண்ணன் போன்லயோ வெச்சுக்கோங்க.

லினக்ஸ் காவேரிப்பட்டணம்:
நான் வேற மாதிரி சொல்றேன், எஃப்1 கைல வெச்சுட்டு போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்னு அந்த போன் லினக்ஸ் போடாம விடறதா? 2017ல ஆரம்பிச்சது, ஆல்பைன் லினக்ஸ் மேல கட்டுனது, ஒரு போன் பத்து வருஷம் ஓடணும்ங்கறதுதான் அவங்க நோக்கமே. எஃப்1ல உள்ள ஸ்னாப்டிராகன் 845 ப்ராசசருக்கு மெயின்லைன் கெர்னல்ல (லினக்ஸோட பொதுவான மையப்பகுதி) நல்ல வேல நடந்திருக்கு. ஒன்னு மட்டும், எஃப்1ல ரெண்டு வகை டிஸ்ப்ளே வந்துச்சு, டியான்மா ஒன்னு, ஈபிபிஜி ஒன்னு, உன்னுது எதுன்னு தெரிஞ்சு அதுக்குரிய இமேஜ போடணும், மாத்தி போட்டா ஸ்கிரீன் வராது. என்னோட எஃப்1 மாடில சின்ன சர்வரா ஓடிட்டிருக்கு, எட்டு கோர், ராஸ்பெர்ரி பைன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் வாங்குற காசு மிச்சம்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
தல, அது அவங்க அப்பா போன். அவருக்கு வாட்ஸ்அப்ல தக்காளி ரேட்டு வேணும், நீ டெர்மினல் தொறந்து குடுக்கற.

லினக்ஸ் காவேரிப்பட்டணம்:
சரி சரி, ஸ்கிரீன் ஒடஞ்ச எஃப்1 யார்கிட்டயாவது கெடந்தா எனக்கு சொல்லுங்க, வந்து வாங்கிக்கறேன்.

பாலக்கோடு பையன்:
மறுபடி ஒரு பிரச்சனை. லினியேஜ் ரெக்கவரி ஃப்ளாஷ் பண்ணலாம்னு ஃபாஸ்ட்பூட் போனா "வெயிட்டிங் ஃபார் டிவைஸ்"னு நிக்குது. நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல. நேத்து என் லேப்டாப், இன்னைக்கு அத ஃப்ரெண்டு வாங்கிட்டு போயிட்டான், இது அக்காவுக்கு ப்ளஸ் டூல கவர்மென்ட்ல குடுத்த லேப்டாப்பு.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
விண்டோஸ்னா டிரைவர் இருக்காது. டிவைஸ் மேனேஜர்ல மஞ்ச முக்கோணம் போட்டு "ஆண்ட்ராய்டு"ன்னு ஒன்னு நிக்குதான்னு பாரு, நின்னுச்சுன்னா கூகுள் யுஎஸ்பி டிரைவர அதுக்கு கை காட்டு. இல்ல லினக்ஸ் மின்ட்ட பென்டிரைவ்ல போட்டு அதுலயே லைவா பூட் பண்ணிக்கோ, டிரைவர் தலவலியே இல்ல. நீலக்கலர் யுஎஸ்பி போர்ட்ட விட்டுட்டு கறுப்பு போர்ட்ல சொருகு, 2.0ல ஃபாஸ்ட்பூட் ஒழுங்கா வரும். கேபிளும் ஒரு தடவ மாத்தி பாரு, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்தான் பாதி வீட்ல இருக்கு.

பாலக்கோடு பையன்:
கேபிள்தான் அண்ணா!! பெட்டிக்கடைல வாங்குன கேபிள். அண்ணன் விட்டுட்டு போன பழைய கேபிள் பீரோ மேல இருந்துச்சு, சொருகுனதும் வந்துருச்சு.

ஃபார்மட் டேட்டா பண்ணேன். ராம் ஏத்துனேன், 47%ல நின்னுச்சு, கைய பின்னாடி கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், அதே ஃபெயில்டு சக்சஸ் வந்துச்சு. ஜிஆப்ஸ் ஏத்துனேன், சிக்னேச்சர் கேட்டுச்சு, யெஸ் குடுத்தேன். ரீபூட். அந்த வளைவு கோட்டுல உருண்ட ஓடுது ஓடுது ஓடிட்டே இருக்கு.

மாந்தோப்பு சர்வீஸ் (கிருஷ்ணகிரி):
முதல் பூட்டு நேரம் எடுக்கும். பவர் பட்டன தொடாம எந்திரிச்சு போயி சாப்புடு.

பாலக்கோடு பையன்:
வந்துருச்சூஊஊ. ஆண்ட்ராய்டு 15. வாட்ஸ்அப் பேக்கப்பும் எறங்கிடுச்சு, மார்க்கெட் குரூப்பு எல்லாம் அப்படியே இருக்கு. அம்மா ஒரு சொம்பு மோரு குடுத்தாங்க.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
சூப்பர்டா. செட்டிங்ஸ்ல அப்டேட்டர் இருக்கும், புது பில்டு வந்தா அதுல இருந்தே ஏத்திக்கலாம், இனிமே ஃபார்மட் தேவப்படாது. 22ல இருந்து அடுத்த பெரிய நம்பருக்கு போகணும்னா மட்டும் விக்கிய படிச்சுட்டு பண்ணு.

பாலக்கோடு பையன்:
ரெண்டு நாள் கழிச்சு வந்து சொல்றேன். போன் பறக்குது, சார்ஜும் சாயங்காலம் வரைக்கும் நிக்குது. ஒரே ஒரு கொற. முன்னாடி மூஞ்ச காட்டுனா தொறக்கும்ல, இருட்டுல கூட தொறக்கும், அது இப்ப இல்ல. கைரேக வெக்கலாம்னா தக்காளி பறிச்சு பறிச்சு அப்பா வெரலு தேஞ்சு போயி கறையும் பட்டு பத்து தடவ வெச்சாலும் எடுக்க மாட்டேங்குது. காலைல 5 மணிக்கு ரேட்டு பாக்க போன் தொறக்காம என்ன எழுப்பிட்டாரு.

ஊத்தங்கரை டீச்சர்:
லினியேஜ்ல ஃபேஸ் அன்லாக் கெடையாது தம்பி, எஃப்1ல இருந்த இன்ஃப்ராரெட் கேமரா வித்தையெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர்ல மட்டும்தான். பேட்டர்ன் வெச்சு குடு, நம்பர விட அவருக்கு சுலபமா இருக்கும்.

பாலக்கோடு பையன்:
வெச்சாச்சு டீச்சர். அவருக்கு ஞாபகம் இருக்கற மாதிரி ப எழுத்த போட்டு குடுத்தேன், ஒரே தடவைல புடிச்சுக்கிட்டாரு.

கேமர் தர்மபுரி29:
ப்ரோ, பாஸ்வேர்ட இங்கயே போட்டுட்டீங்களே

பாலக்கோடு பையன்:
ஐயோ. சரி, ட எழுத்துக்கு மாத்திடறேன்.

மாந்தோப்பு சர்வீஸ் (கிருஷ்ணகிரி):
டேய்.