கணவாய் இறங்கினால் நீலப் புகை: இன்ஜின் போர் வேலையா, வால்வ் சீலா?

உசிலம்பட்டிக்காரன்:
2012 மாடல் 100 சிசி வண்டி, 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக ஆயில் குறைகிறது, 1,000 கி.மீ.க்கு 150 மில்லியாவது ஊற்ற வேண்டியிருக்கிறது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் நீலப் புகை, அப்புறம் நின்றுவிடும். வாரம் ஒருமுறை தேனி போவேன். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கி முடித்து ஆக்சிலரேட்டரைத் திருகினால், பின்னால் வருகிற பஸ் மறைகிற அளவுக்குப் புகை. மெக்கானிக் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் "போர் போயிருச்சு, பிஸ்டனோட மாத்தணும்" என்கிறார் (போர் என்றால் பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்சுவர்). செய்துவிடலாமா?

மேலூர்:
பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் செட் மட்டும் மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

திருமங்கலம் பட்டறை:
தம்பி, எதையும் பிரிக்காதீர்கள். ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதுதான் புகை கூடும். இன்ஜின் உள்காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாயிலும் புஸ்ஸென்று வரும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி கியரிலேயே வரும்போது, காற்று கிடைக்காத இன்ஜின் இன்டேக் வால்வ் தண்டின் ஓரமாக ஆயிலை உறிஞ்சுகிறது. ராத்திரி நிற்கும்போது அதே வழியில் கசிவதுதான் காலைப் புகை. சந்தேகம் அந்தத் தண்டில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வால்வ் சீல் மேல்தான்.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கிற கடைக்குப் போங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை உதைக்க வேண்டும். அப்புறம் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதையுங்கள். ஆயில் இடைவெளியை அடைத்து அளவு எகிறினால் கோளாறு ரிங், போரில். பெரிதாக மாறாவிட்டால் அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது.

மேலூர் நண்பருக்கு: போர் வட்டம் கெட்டிருந்தால் புது ரிங் போட்டும் பிரயோஜனமில்லை. மேல் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி தட்டினால் போரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன்தான்; 0.25 மி.மீ. கூடுதலிலிருந்து வரும்.

உசிலம்பட்டிக்காரன்:
பார்த்தாயிற்று அண்ணே. முதலில் 140 பிஎஸ்ஐ, ஆயில் விட்டதும் 145. சிலிண்டரின் மேல் பாகமான ஹெட்டை மட்டும் இறக்கச் சொன்னேன். பழைய சீலை நகத்தால் அழுத்தினால் புளியங்கொட்டை மாதிரி அமுங்கவே இல்லை. போரில் தயாரிப்பில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிகின்றன, நகத்துக்குப் படியும் தட்டவில்லை. இரண்டு சீலும் மாற்றி மூன்று நாள் ஆகிறது. காலையில் புகை இல்லை.

திருமங்கலம் பட்டறை:
வால்வை அதன் தண்டு ஓடுகிற குழலான கைடில் விட்டு ஆட்டிப் பார்த்தார்களா?

உசிலம்பட்டிக்காரன்:
இன்டேக்கில் ஆட்டம் இல்லை. எக்ஸாஸ்டில் லேசாக இருந்தது, அப்படியே பூட்டிவிட்டார்.

திருமங்கலம் பட்டறை:
கைடு ஆடினால் புது சீலும் சீக்கிரம் போகும். இப்போதைக்கு ஓட்டுங்கள், வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மறுபடி ஆயில் குறைந்தால் ஹெட்டோடு கொண்டு வாருங்கள், கைடு மாற்றிவிடலாம்.