கடிதத்தில ‘ஆனால்’ வேண்டாம்

குழு: நம்மட கழகம், ஆதரவாளர்கள்
ஞாயிறு

மாலை 6:42
கட்டார் தம்பி: வீடியோ இஞ்சயும் வந்திட்டு. மூணு குரூப்பில பார்த்துத்தன். ஜேர்சி நம்பர் தெளிவாத் தெரியுது. ரெஃப்ரிட நெஞ்சில கை வெச்சுத் தள்ளினது நம்மட கீப்பர்தானே?

மாலை 6:45
செயலாளர்: ஓம் தம்பி. 78ஆவது நிமிசம். நமக்கு எதிரா பெனல்ட்டி குடுத்த கையோட நம்மட அஞ்சு பேர் ரெஃப்ரியச் சுத்தி நிண்டாங்க. கப்டனும் அவன்தானே, கீப்பர் கோல் போஸ்ட்டில இருந்து ஓடி வந்து தள்ளினது. மறுகா பெஞ்சில இருந்த ஒருத்தன் தண்ணிப் போத்தல் எறிஞ்சு லைன்ஸ்மேன்ட நெத்தியில பட்டது. மேட்ச் அதோட நிண்டு போச்சு.

மாலை 6:46
ரீச்சர் அக்கா: சரியான வெக்கமா இரிக்கு. அந்த ஜேர்சியப் போட்டுத்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கரையில நிண்டு பார்த்தவங்க.

மாலை 6:47
விங்கர் மச்சான்: தள்ளினது பிழைதான். ஆனா நம்மட டிஃபெண்டர் ஜேர்சியப் பிடிச்சு இழுத்தது கோலுக்கு முன்னால இரிக்கிற பெனல்ட்டி பொக்ஸுக்கு வெளியில. அது ஃப்ரீ கிக். ரெஃப்ரி பிழையா ஊதினதாலதான் இவ்வளவும்.

மாலை 6:48
நேர்ஸ் மச்சாள்: அதெல்லாம் பிறகு கதைங்க. லைன்ஸ்மேன் இப்ப எங்க? ஆரு கூட நிக்கிற?

மாலை 6:49
செயலாளர்: வீட்ட போய்த்தாராம். ரெண்டு தையல். அவர்ட தம்பி கூட நிக்கிறார்.

மாலை 6:53
நேர்ஸ் மச்சாள்: தம்பிட்ட இதச் சொல்லுங்க. ஆகக் குறைஞ்சது 24 மணித்தியாலம் அவரத் தனிய விடக் கூடாது. மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். திரும்பத் திரும்ப சத்தி எடுத்தா, தலையிடி கூடிக்கொண்டே போனா, எழுப்ப எழும்பாம மயங்கிக் கிடந்தா, கதை குழறினா, மூக்காலயோ காதாலயோ தண்ணி மாதிரி வந்தா, ஒரு நிமிசமும் பார்க்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நோவுக்கு பெரசிட்டமோல் மட்டும். அஸ்பிரினும் புரூஃபனும் வேண்டாம், இரத்தக் கசிவு இரிந்தா அது கூடும். தையல் போட்ட துண்ட கவனமா வெக்கச் சொல்லுங்க.

மாலை 6:55
பொருளாளர்: மருந்துச் செலவும், அவர் வேலைக்குப் போக ஏலாத நாள்ச் சம்பளமும் கழகம் குடுக்கணும். எறிஞ்சவன்ட்ட பிறகு அறவிடுவம். நாளைக்கு நானே போறன்.

மாலை 6:56
ரெஃப்ரி மாமா: போறது சரி மகன். காசக் கையில குடுத்துத்து வராதீங்க. அறிக்கை எழுத முதல் கையில காசு குடுத்தா வாய மூடக் குடுத்த மாதிரி ஆகும். லீக்கிட்ட சொல்லி, பற்றுச்சீட்டோட குடுங்க.

மாலை 7:04
ரெஃப்ரி மாமா: விங்கர் தம்பி, பெனல்ட்டி விசயத்துக்கு வாறன். வீடியோவ மெதுவா ஓட்டிப் பார்த்தன். நம்மட டிஃபெண்டர் ஜேர்சியப் பிடிச்சது வெளியிலதான். விட்டது எங்க? கோட்டத் தாண்டி ரெண்டு அடி உள்ளுக்க. உதைபந்தாட்ட விதிகள்ல 12ஆவது விதியில நேரடியா எழுதி இரிக்கு: பிடிச்சு இழுக்கிறது வெளியில தொடங்கி, பொக்ஸுக்கு உள்ளயும் தொடர்ந்தா பெனல்ட்டிதான். தட்டி விழுத்துறது வேற, அங்க தட்டின இடம்தான் கணக்கு. பிடிச்சு இழுக்கிறதுக்கு அப்பிடி இல்ல. ரெஃப்ரி சரியாத்தான் ஊதினவர்.

மாலை 7:05
விங்கர் மச்சான்: இது எனக்குத் தெரியா மாமா.

மாலை 7:08
ரெஃப்ரி மாமா: கன பேருக்குத் தெரியா. அவர் பிழையா ஊதி இரிந்தாலும் கதை மாறாது. 5ஆவது விதிப்படி, விளையாட்டில நடந்த விசயத்தில ரெஃப்ரி சொன்னதுதான் முடிவு. கோலா இல்லயா எண்டதும் அதுக்குள்ள வரும். அப்பீல் பண்ணி மாத்த இடம் இரிக்கிறது ஆள் மாறாட்டத்துக்குத்தான், 4ஆம் நம்பருக்குக் குடுக்க வேண்டிய கார்டு 14ஆம் நம்பருக்குப் போன மாதிரிப் பிழைக்கு. தள்ளினத வெச்சுக்கொண்டு “பெனல்ட்டி பிழை” எண்டு லீக்குக்கு எழுதினா ரெண்டாந்தரமும் வெக்கப்படுவம்.

மாலை 7:10
கட்டார் தம்பி: ரெட் கார்டு எத்தின மாமா?

மாலை 7:17
ரெஃப்ரி மாமா: ரெண்டு. கீப்பருக்கு ஒண்டு, போத்தல் எறிஞ்ச மாற்று ஆட்டக்காரனுக்கு ஒண்டு. பெஞ்சில இரிக்கிறவனுக்கும் ரெட் காட்டலாம். அவன் உள்ளுக்கு வர ஏலாது, ஆனா கழகத்துக்கு களத்தில ஆள் குறையாது. போத்தல் ஆள்ல படாட்டியும் அது வன்முறைதான், எறிஞ்ச முயற்சியே போதும். சுத்தி நிண்ட அஞ்சு பேருக்கும் மஞ்சள் காட்டி இரிக்கலாம். அதுக்கு முதல் போத்தல் வந்திட்டு.

இனி தடை. ரெட் வாங்கினா அடுத்த மேட்ச் தானாவே இல்ல. அதுக்கு மேல எத்தின எண்டு லீக் ஒழுக்காற்றுக் குழு முடிவெடுக்கும். ஃபீஃபாட ஒழுக்காற்றுக் கோவையில ரெஃப்ரியத் தாக்கினா ஆகக் குறைஞ்சது 15 மேட்ச். தள்ளினது தாக்கினதா, ஒழுங்கீனமா எண்டு பிரிக்கிறது ரெஃப்ரி அறிக்கையில எழுதி இரிக்கிற சொல்லுதான். அதால ஒருத்தரும் அவருக்கு ஃபோன் எடுக்கக் கூடாது. “கொஞ்சம் மெதுவா எழுதுங்க சேர்” எண்டு ஒருத்தன் கேட்டாலும் அதுவும் அறிக்கைக்குள்ள போகும்.

மாலை 7:19
செயலாளர்: மேட்ச் நிண்டதுக்கு என்ன நடக்கும்?

மாலை 7:21
ரெஃப்ரி மாமா: பொது விதி, நிண்ட மேட்ச் திரும்ப ஆடணும். சுற்றுப்போட்டி விதியில வேற எழுதி இரிந்தா அதுதான். குழப்பினது நாமதான் எண்டதால எதிரணிக்கு வெற்றி குடுப்பாங்க. வழக்கமா 3-0. அத எதிர்த்து எழுத வேண்டாம்.

மாலை 7:22
இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது.

மாலை 7:23
ரீச்சர் அக்கா: அழிச்சது சரி. இஞ்ச ஆரும் “அவங்கட ஊர் ஆக்கள்” எண்டு எழுத வேண்டாம். பந்து விசயம் பந்தோட நிக்கட்டும். மட்டக்களப்பில ஒரு வரி எங்க போய் முடியும் எண்டு எல்லாருக்கும் தெரியும். எதிரணிப் பொடியன் ஒருத்தனும் கை நீட்டல்ல. அத நாமளே எழுதிச் சொல்லணும்.

மாலை 7:25
கட்டார் தம்பி: வெட்டின வீடியோ ஒண்டும் சுத்துது. ரெஃப்ரி கை ஓங்கின மாதிரி நாலு செக்கன்.

மாலை 7:28
செயலாளர்: அவர் கார்டு எடுக்கக் கைய உயர்த்தினது. முழு வீடியோ வெச்சிரிக்கிற ஆக்கள் எனக்கு டொக்கியூமெண்டா அனுப்புங்க. வீடியோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிப் போடும், நம்பர் மங்கும். வெட்ட வேண்டாம், பாட்டுப் போட வேண்டாம். 75ஆவது நிமிசத்தில இருந்து ஆக்கள் கலையும் வரைக்கும் இரிக்கணும். நமக்கு எதிரா இரிக்கிற துண்டும் சேர்த்துத்தான் லீக்குக்குப் போகும்.

மாலை 7:36
கட்டார் தம்பி: வெளிநாட்டுக் கழகங்கள் என்ன செஞ்சது எண்டு பாருங்க. 1998 செப்டெம்பர்ல ஷெஃபீல்ட் வென்ஸ்டேயில ஆடின டி கானியோ ரெஃப்ரியத் தள்ளினவர். ஆர்செனலுக்கு எதிரான மேட்ச். கழகம் சங்கத்துக்காகக் காத்து நிக்கல்ல, தானே உடன இடைநிறுத்தினது. பிறகுதான் 11 மேட்ச் தடை வந்தது. 1995 ஜனவரி 25ல கன்டோனா கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சு ரசிகருக்கு உதைச்சார். மான்செஸ்டர் யுனைட்டட் ரெண்டு நாளைக்குள்ள அந்த சீசன் முடியும் வரைக்கும் அவர நிப்பாட்டினது. அவர் இல்லாம அந்த வருசம் பிரீமியர் லீக் பட்டம் கை விட்டுப் போச்சு. ரசிகர் அழுதாங்க, கழகத்துக்கு மரியாதை நிண்டது.

மத்தப் பக்கம் லிவர்பூல். மான்செஸ்டர் யுனைட்டட்ட எவ்ராவ இனத்தச் சொல்லி ஏசினதுக்கு அவங்கட சுவாரெஸுக்கு 2011 டிசெம்பர்ல 8 மேட்ச் தடை. அடுத்த மேட்சுக்கு முதல் ஆட்டக்காரர் எல்லாரும் அவர்ட படம் போட்ட டீசேர்ட்டோட இறங்கினாங்க. அதில ஒருத்தரான கரகர் 2019ல டிவியில எவ்ராட முகத்தப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எட்டு வருசம் போய்த்து.

மாலை 7:38
விங்கர் மச்சான்: ஃபுல்ஹாமும் இரிக்கு. 2023 மார்ச், மான்செஸ்டர் யுனைட்டட்ட களம் ஓல்ட் ட்ராஃபர்ட். 1-0 முன்னுக்கு நிண்டாங்க. ஹேண்ட்போல், பெனல்ட்டி. கோச், வில்லியன், மிட்ரோவிச் மூணு பேருக்கும் ஒரு நிமிசத்துக்குள்ள ரெட். மிட்ரோவிச் ரெஃப்ரிட கையப் பிடிச்சதுக்கு 8 மேட்ச். தோத்தது 3-1. நேத்து வரைக்கும் அத மத்தவன்ட கதை எண்டுதான் பார்த்த.

மாலை 7:40
பொருளாளர்: நம்மட கிரிக்கெட்டிலயும் நடந்ததுதானே. 2021ல இங்கிலாந்தில டர்ஹாம்ல இலங்கை அணியில மூணு பேர் கொரோனாக் கட்டுப்பாட்ட மீறி ராவில வெளியில நிண்டது. வெளியில கொண்டு வந்தது ரசிகர் எடுத்த வீடியோ. உடன வீட்ட அனுப்பி, மறுகா விசாரிச்சு, ஒரு வருசம் சர்வதேசத் தடையும் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் தண்டமும். முதல் இடைநிறுத்தம், பிறகு விசாரணை, பிறகு தண்டனை. அந்த ஒழுங்கு முக்கியம்.

மாலை 7:49
செயலாளர்: அந்த ஒழுங்கிலதான் போவம். இண்டைக்கு ராவே தலைவரும் நானும் கையெழுத்து வெச்சு ரெண்டு பேரையும் இடைநிறுத்துறம். அது தண்டனை இல்ல, விசாரணை முடியும் வரைக்கும். பிறகு ரெண்டு பேருக்கும் குற்றம் என்ன, எந்த நிமிசம், யாப்பில எந்தப் பிரிவு எண்டு எழுதிக் கடிதம். பதில் சொல்ல ஏழு நாள். விசாரணைக்கு மூணு பேர். சொந்தக்காரர் இரிக்கக் கூடாது, கோச்சும் இரிக்கக் கூடாது, பெஞ்சக் கட்டுப்படுத்த வேண்டியவர் அவர்தான். குறிப்பு எழுதி எல்லாரும் கையெழுத்து வெக்கணும்.

“வாழ்நாள் தடை” எண்டு ராவோட ராவா குரூப்பில போட்டா, விசாரிக்கல்ல எண்டு பொதுக்கூட்டத்தில வெட்டிப் போடுவாங்க. அதோட ஆள் திரும்ப வந்திருவான். இன்னொண்டு, தடை ஓடுற நேரம் வேற கழகப் பேரில சின்னச் சுற்றுப்போட்டி ஆடுறது. இடைநிறுத்தக் கடிதத்தில அத எழுதித் தடுக்கணும். பிரதி பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தருக்கும் போகும்.

மாலை 7:51
ரெஃப்ரி மாமா: பொலிஸ் முறைப்பாடு வந்தா வாபஸ் வாங்கச் சொல்லி ஆளனுப்ப வேண்டாம். அது அடிபட்டவர்ட உரிமை. மத்தியஸ்த சபைக்குப் போனா கழகமும் போய் நிக்கணும்.

மாலை 8:10
ரீச்சர் அக்கா: கடிதம் எழுதினன். பாருங்க.

“நடுவருக்கும் உதவி நடுவருக்கும், லீக் செயலாளர் ஊடாக. இன்றைய போட்டியின் 78ஆவது நிமிடத்தில் எமது அணித்தலைவர் நடுவரைத் தள்ளினார். எமது மாற்று ஆட்டக்காரர் எறிந்த போத்தலால் உதவி நடுவர் காயமடைந்தார். இரண்டுக்கும் எமது கழகமே பொறுப்பு. இருவரையும் இன்று இடைநிறுத்தியுள்ளோம். நடுவரின் அறிக்கையை ஏற்கிறோம், மேன்முறையீடு செய்யமாட்டோம். மருத்துவச் செலவையும் வருமான இழப்பையும் லீக் ஊடாகச் செலுத்துவோம். எதிரணி வீரர்கள் அமைதி காத்தமைக்கு நன்றி கூறுகிறோம். போட்டி விறுவிறுப்பாக இருந்ததால் உணர்ச்சிவசப்பட்டார்கள், ஆனால்”

அதுக்கு மேல வருகுதில்ல.

மாலை 8:12
ரெஃப்ரி மாமா: கடைசி வரி முழுக்க எடுங்க ரீச்சர். “உணர்ச்சிவசப்பட்டார்கள்” வந்தா “ஆனால்” வரும், “ஆனால்” வந்தா பெனல்ட்டி வரும். “யாருக்காவது மனம் புண்பட்டிருந்தால்” எண்டும் போடாதீங்க. புண்பட்டது நெத்தி, ரெண்டு தையல்.

மாலை 8:14
ரீச்சர் அக்கா: எடுத்திட்டன்.

மாலை 8:22
கோச் அண்ணன்: எல்லாத்தையும் வாசிச்சன். பெஞ்ச் என்ட பொறுப்பு, விசாரணையில அதச் சொல்லுவன். அடுத்த பயிற்சியில ரெண்டு விசயம் மாறும். கப்டன் மட்டும்தான் ரெஃப்ரிட்டப் போறது. 2024ல ஐரோப்பிய நாடுகள்ட யூரோ சுற்றுப்போட்டியில செஞ்ச முறைதான் அது. கப்டன் கீப்பரா இரிந்தா மேட்சுக்கு முதலே கீப்பர் இல்லாத வேற ஆட்டக்காரன் ஒருத்தன்ட பேரக் குடுக்கணும். நாம கீப்பரக் கப்டனா வெச்சுத்து அதச் செய்யல்ல, அதாலதான் அவன் ஓடி வந்தான். இனி விசில் ஊதினா மத்தப் பத்துப் பேரும் பந்த விட்டுத்து பின்னுக்குப் போறத ஒவ்வொரு நாளும் பத்துத் தரம் பழகுவம். ஓடுறவனப் பிடிக்கிற வேலை சென்ரர் பேக்குக்கு. பெஞ்சில ஒருத்தரும் போத்தலக் கையில வெச்சிரிக்க ஏலா, கூடைக்குள்ள கோட்டுக்குப் பின்னால.

மாலை 8:24
ரெஃப்ரி மாமா: நம்மட பக்கம் கோல் அடிச்சு ரெஃப்ரி வெட்டின நேரத்தையும் சேர்த்துப் பழக்குங்க தம்பி. கோபம் அங்கதான் கூட வரும்.

மாலை 8:41
கீப்பர்: எல்லாரும் எழுதினத வாசிச்சன். தள்ளினது நான்தான். இப்பவே ரெஃப்ரிட வீட்ட போய் மன்னிப்புக் கேட்கவா?

மாலை 8:43
ரெஃப்ரி மாமா: வேண்டாம் மனே. அறிக்கை குடுக்க முதல் வீட்டு வாசல்ல நிண்டா அவர்ட வீட்டாக்கள் பயப்படுவாங்க. நீ உன்ட கையால எழுது. என்ன செஞ்சாய் எண்டு மட்டும் எழுது, ஏன் எண்டு எழுதாத. செயலாளர் கழகக் கடிதத்தோட லீக்கில குடுப்பார். தடை முடிஞ்ச பிறகு அவர் சம்மதிச்சா நேர போ, நானும் வாறன்.

மாலை 8:44
செயலாளர்: காலையில எட்டு மணிக்கு முதல் என்ட வீட்ட கொண்டு வா.

மாலை 9:30
கீப்பர்: எழுதித்தன் மாமா. அஞ்சு வரிதான் வந்திரிக்கு. காணுமா?

மாலை 9:31
ரெஃப்ரி மாமா: காணும் மனே.