கூத்தில் வளர்ந்தவன் நாடகப் பள்ளிக்குப் போக முடியுமா?

செய்யாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 20 வயது. செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அப்பா கூத்து செட்டில் மிருதங்கம் வாசிக்கிறார். 7 வயதில் பிரகலாதனாக முதல் வேஷம் கட்டினேன். இரணியன் வேஷக்காரர் என்னைத் தூக்கியபோது அவர் தோளில் கட்டியிருந்த புஜக்கட்டை என்ற அணி கன்னத்தில் குத்தி நிஜமாகவே அழுதுவிட்டேன். முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாத்தியார் அன்று எனக்குத் தனியாக 20 ரூபாய் கொடுத்தார்.

13 வயதில் குரல் உடைந்தது. இரண்டு வருடம் பாட்டே கிடையாது, திரை பிடிக்கிற வேலைதான். அப்புறம் பெண்வேஷம் கொடுத்தார்கள். கர்ண மோட்சம் கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி வேஷம் எனக்கு நன்றாக வரும்.

இப்போது பி.காம். கடைசி வருடம். போன மாதம் சென்னையில் மூன்று நாள் நடிப்புப் பயிற்சிக்குப் போனேன். வேலை போய்விட்டதை மனைவியிடம் சொல்கிற காட்சி. கேமரா முன்னால் இரண்டு வரி பேசியிருப்பேன், "தெருக்கூத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா" என்றார் பயிற்சி கொடுத்தவர். மற்றவர்கள் சிரித்தார்கள். மீதி இரண்டு நாளும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு முயற்சி செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சின்ன வயதிலிருந்து கூத்தில் பழகிய உடம்பும் குரலும் இனி வேறு நடிப்புக்கு ஆகாதா? உண்மையைச் சொல்லுங்கள்.

மேடைக்காரி:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பயிற்சி கொடுத்தவர் சொன்னது தவறு. ஆனால் அவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது, அதைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் ஆடுவது திறந்த வெளியில், விடிய விடிய. கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பெரியவருக்கும் பொன்னுருவியின் துக்கம் போய்ச் சேர வேண்டும். ஒரு வரியைப் பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள், அந்த இடைவெளியில் நீங்கள் அடவு போடுகிறீர்கள். குரல் அடிவயிற்றிலிருந்து வருவதும் கை தோளுக்கு மேலே போவதும் இதனால்தான். கேமரா மூன்றடி தூரத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தூரத்தை மாற்றத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ளலாம்.

நான் புதுவையில் நாடகம் முதுகலை படித்தவள். 6 வயதிலிருந்து பரதம் ஆடியதால் நாற்காலியில் உட்காரும்போதுகூட முதுகு அரைமண்டிக்கு, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் ஆட்ட நிலைக்கு, தயாராகவே இருக்கும். முதல் சில வாரம் எனக்கு வசனமே தரவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடக்க வேண்டும். தண்ணீர் தூக்குகிற மாதிரி காட்டக் கூடாது, தூக்க வேண்டும். எத்தனை நாள் அழுதேன் தெரியுமா! ஒருநாள் கை நிஜமாகவே வலித்து, குடத்தை இடுப்புக்கு மாற்றினேன். "இதுதான்" என்றார் ஆசிரியர். பரதம் எங்கேயும் போய்விடவில்லை. இன்றும் மேடையில் இரண்டு மணி நேரம் நிற்க முடிவது அதனால்தான்.

இன்னொன்று. 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்கள், உங்கள் செய்யாறு பக்கத்துப் புரிசையின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்து பழகினார்கள். பசுபதியும் குரு சோமசுந்தரமும் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். சினிமாவில் அவர்கள் எவ்வளவு அடக்கமாக நடிக்கிறார்கள் என்று பாருங்கள். நகரத்து நடிகர்கள் உங்கள் பக்கத்து ஊருக்காரரிடம் தேடிப் போய்க் கற்றது உங்களுக்கு 7 வயதிலேயே கிடைத்திருக்கிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கர்ணன் விடைபெறுகிற இடத்தில் பொன்னுருவி பேசுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் வேண்டாம், சலங்கை வேண்டாம். அடுப்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். மூச்சு மட்டும் கூத்தில் எடுக்கிற அதே அடிவயிற்று மூச்சு. என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள்.

ஒருமுறை டெல்லி போனவன்:

நான் கடைசிச் சுற்று வரை போய், கிடைக்காமல் திரும்பினேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே மூன்று வருடப் படிப்பு. பட்டம் கட்டாயம், அதனால் பி.காமை விட்டுவிடாதே. நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். இதுவரை கட்டிய வேஷங்களை ஊர், தேதி, வாத்தியார் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வை, படங்கள் இருந்தால் சேர்த்து வை. முதல் தேர்வைத் தாண்டினால் டெல்லியில் சில நாள் பட்டறை மாதிரி வைத்துப் பார்ப்பார்கள். இந்தி எனக்கும் வராது, பயந்துகொண்டுதான் போனேன். பாடச் சொன்ன இடத்தில் தமிழிலேயே பாடினேன், யாரும் தடுக்கவில்லை.

டெல்லி ஒன்றையே நம்பாதே. புதுவைப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி தொடங்கி வைத்த சங்கரதாஸ் சுவாமிகள் பள்ளி, அக்கா படித்த இடமாக இருக்கும், உனக்குப் பக்கம். கர்நாடகத்தில் ஹெக்கோடு ஊரில் நீநாசம் நாடகப் பள்ளி இருக்கிறது, ஆனால் கன்னடம் பழக வேண்டும்.

பின்பாட்டு:

நான் 35 வருடமாகக் கூத்தில் இருக்கிறேன். தம்பிக்கு ஒரே ஒரு விஷயம். குரல் உடைந்த இரண்டு வருடம் உன்னைப் பாட விடாமல் திரை பிடிக்க வைத்தாரே, அந்த வாத்தியாரை மறக்காதே. அந்த வயதில் கட்டாயப்படுத்திப் பாட வைத்துக் குரல் போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நாடக நடிகர் டி. கே. சண்முகம் 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்கு 6 வயது. சிறுவர்களே நடித்த அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்தால், அதாவது குரல் உடைந்தால், பையனின் பிழைப்பே ஆடிப்போகும். உனக்குக் குரலைக் காத்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே படிக்கப் போனாலும் பங்குனி முதல் ஆடி வரை விடுமுறை கிடைக்கிற நாளில் வந்து ஒரு வேஷமாவது கட்டு.

செய்யாற்றங்கரை:

அக்கா, நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதல் இரண்டு தடவை கை தானாகத் தூக்கிக்கொண்டது, அதனால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை பாதியில் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னடா ஆச்சு, யாரு என்ன சொன்னாங்க உன்னை?" என்று கேட்டார். பொன்னுருவி பேசுவதை அம்மா நூறு தடவையாவது கேட்டிருப்பார். எனக்கு அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

அண்ணா, நோட்டு வாங்கிவிட்டேன். அப்பாவும் நானும் உட்கார்ந்து ஊர் ஊராக ஞாபகப்படுத்தி எழுதுகிறோம். இதுவரை 41 ராத்திரி சேர்ந்திருக்கிறது. ஐயா, சனிக்கிழமை பக்கத்து ஊரில் கர்ண மோட்சம், பொன்னுருவி நான்தான்.